ஒரு பாட்டில் ஒயின் 4 கோடி ரூபாய்: பிரான்ஸ் திராட்சைத் தோட்டத்துக்கும் திரேஸ்புரம் முத்துக்கும் என்ன சம்பந்தம்?

2018 அக்டோபரில் நியூயார்க்கில் ஓர் ஏலம் நடந்தது. அதில் ஒரே ஒரு பாட்டில் சிவப்பு ஒயின் 5,58,000 டாலருக்கு விலை போனது. அன்றைய மதிப்பில் நம்ம பணத்துக்குச் சுமார் 4 கோடி ரூபாய். பெயர் ரொமானே கோன்டி. 1945-ஆம் ஆண்டு அறுவடை. அந்த வருடம் மொத்தமே 600 பாட்டில்தான் தயாரானது.

அரிதான பொருள், அதனால் விலை அதிகம் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகலாம். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. பிரான்ஸின் பர்கண்டி பகுதியில் உள்ள அந்தத் தோட்டத்தின் மொத்தப் பரப்பே 1.8 ஹெக்டேர். நம்ம கணக்கில் ஏறக்குறைய நாலரை ஏக்கர். அதே ஊரில், அதே பீனோ நுவார் ரகத் திராட்சையை வைத்து, சரிவுக்குக் கீழே உள்ள சமவெளி நிலத்தில் செய்கிற ஒயினுக்கு இந்த விலையில் நூறில் ஒரு பங்குகூடக் கிடைப்பதில்லை.

ஒரே ரகம், ஒரே ஊர், ஒரே மழை. பிறகு எங்கிருந்து வருகிறது இவ்வளவு வித்தியாசம்?

ஒயின் உலகம் இதற்கு இரண்டு பதில் சொல்கிறது. ஒன்று, கொடி நிற்கிற இடம். இரண்டு, கொடியின் வயது. கேட்டால் ஏதோ பணக்காரர்களின் பந்தா மாதிரி இருக்கும். ஆனால் தூத்துக்குடிக்காரர்களுக்கு, அதிலும் திரேஸ்புரத்துக் கடல் தொழிலாளர்களுக்கு, இது புதிய விஷயமே கிடையாது. திராட்சைக்குப் பதிலாக முத்துச்சிப்பி என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். இந்தக் கடல் பல நூற்றாண்டுகளாகச் சொல்லி வந்த கணக்கு அதுதான்.

பார்: கடலுக்குள் ஒரு தோட்டம்

தூத்துக்குடி நகரின் வடக்குப் பக்கம், நாட்டுப்படகுகள் வரிசையாக நிற்கும் கடற்கரைதான் திரேஸ்புரம். சங்கு குளிக்கும் தொழிலாளர்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். சங்கும் முத்தும் கிடைக்கிற கடல் ஒன்றுதான், மன்னார் வளைகுடா. ஆனால் இரண்டும் வாழ்கிற தரை வேறு. சங்கு மணலில் ஊர்ந்து வாழும். முத்துச்சிப்பிக்கு ஒட்டிக்கொள்ளக் கெட்டியான தளம் வேண்டும்.

கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, சுமார் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில், மணல் பரப்புக்கு நடுவே பாறையும் இறந்த பவளமும் சேர்ந்த திட்டுகள் உண்டு. அவற்றுக்குத்தான் 'பார்' என்று பெயர். கன்னியாகுமரி முதல் ராமேசுவரம் வரை இப்படிப் பல பார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர். தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் தொள்ளாயிரம் பார் அவற்றில் பேர்பெற்றது.

மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே கடல். ஜி.பி.எஸ். இல்லாத காலத்தில் கரையில் தெரிகிற கோயில் கோபுரம், பனைமரம், தீவு என்று இரண்டு மூன்று அடையாளங்களைக் கோடு பிடித்துத்தான் பாரைக் கண்டுபிடித்தார்கள். இவ்வளவு சிரமம் எதற்கு என்றால், பார் தப்பினால் சிப்பி இல்லை. சிப்பி இருந்தாலும், எல்லாப் பாரும் முத்துக் கொடுப்பதில்லை.

பெரிய பார் ஏமாற்றிய கதை

இதற்குச் சரியான உதாரணம் மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கம் இருக்கிறது. அங்கே முத்துக்குளிப்பு அடிக்கடி பொய்த்துப் போவதற்குக் காரணம் தேடி, 1902-இல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மேன் என்ற கடல் உயிரியலாளரை அரசு வரவழைத்தது. அவருடன் வந்து, அவர் திரும்பிப் போன பிறகும் இங்கேயே தங்கி வேலை செய்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். பின்னாளில் சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறைக்குத் தலைமை வகித்தவரும் இவர்தான்.

அவர்கள் ஆராய்ந்த இடங்களில் ஒன்று 'பெரிய பார்'. பேருக்கு ஏற்றபடி பெரியது. 1880-க்குப் பிறகு பத்துத் தடவைக்கும் மேல் அந்தப் பாரில் குஞ்சுச் சிப்பிகள் கோடிக்கணக்கில் வந்து ஒட்டியிருக்கின்றன. பார்த்தவர்கள் எல்லாம் இன்னும் நான்கு வருடத்தில் பெரிய வருமானம் என்று கணக்குப் போட்டார்கள். ஆனால் ஒரு தடவைகூட அங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. குளிக்கும் வயது வருவதற்கு முன்பே சிப்பிகள் காணாமல் போயின.

காரணம், பார் இருக்கும் இடம். பெரிய பார் ஆழக்கடலின் விளிம்புக்கு அருகில் உள்ளது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நீரோட்டம் அதை நேராக அறையும். ஒட்டியிருந்த இளம் சிப்பிகள் பெயர்ந்து போகும், அல்லது மணலுக்கு அடியில் புதைந்து போகும். அதே கடலில், கரைக்கு இன்னும் அருகில், கெட்டியான தரையோடு இருந்த செவல் பார்தான் வருமானம் தந்தது. பெரிய பாரில் பிறக்கும் குஞ்சுகளைச் செவல் பாருக்கு மாற்றி வளர்க்கலாம் என்பது ஹெர்ட்மேனின் யோசனை.

அதாவது, சிப்பி ஒன்றுதான், கடலும் ஒன்றுதான். எங்கே ஒட்டிக்கொண்டது என்பதுதான் மீதியைத் தீர்மானித்தது.

சரி, பர்கண்டியில் என்ன நடக்கிறது?

இப்போது பிரான்ஸுக்கு வருவோம். பர்கண்டியின் புகழ்பெற்ற தோட்டங்கள் வடக்கு தெற்காக ஓடுகிற ஒரு நீண்ட சரிவில் இருக்கின்றன. பெரும்பாலும் கிழக்கு பார்த்த சரிவு. காலை வெயில் முதலில் அங்கே விழும், இரவில் குளிர்ந்த மண் சீக்கிரம் சூடேறும்.

சரிவின் உச்சியில் மண் மிக மெல்லியது, காற்றும் அதிகம். அடிவாரத்தில் மண் ஆழமானது, ஈரம் தேங்கும். அங்கே கொடி செழிப்பாக வளரும், காய் நிறையக் காய்க்கும். விவசாயிக்குக் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நீர் தாராளமாகக் கிடைக்கிற கொடி இலையிலும் தண்டிலும் சக்தியைச் செலவழிக்கும். பழம் பெரிதாகும், சாறு நீர்த்துப் போகும்.

நடுச்சரிவில்தான் எல்லாம் அளவாக அமைகிறது. சுண்ணாம்புப் பாறையும் களிமண்ணும் கலந்த மண். மழை பெய்தால் உபரி நீர் வடிந்துவிடும். வறண்டால், களிமண் பிடித்து வைத்த ஈரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும். கொடிக்கு லேசான தாகம் இருந்துகொண்டே இருக்கும், ஆனால் வாடிப்போகாது. அப்படி வளர்கிற பழம் சிறியதாக இருக்கும். சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் பழத்தோலிலிருந்துதான் பெரும்பாலும் வருகின்றன. பழம் சிறியதானால் சாற்றோடு ஒப்பிடும்போது தோலின் பங்கு கூடும். ஒயினும் அடர்த்தியாகும். ரொமானே கோன்டி இருப்பது இந்த நடுச்சரிவில்தான்.

பர்கண்டி மக்கள் ஒவ்வொரு துண்டு நிலத்தையும் தனித்தனியாகப் பெயர் வைத்து, எல்லை போட்டு வைத்திருக்கிறார்கள். அப்படி 1,247 துண்டுகள். அவற்றுக்கு 'கிளிமா' என்று பெயர். 2015-இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நம்ம கடலோடிகள் பார்களுக்குப் பெயர் வைத்ததும் அவர்கள் துண்டு நிலத்துக்குப் பெயர் வைத்ததும் ஒரே காரணத்துக்காக. பக்கத்தில் இருப்பவை எல்லாம் ஒன்றல்ல என்பது அனுபவத்தில் தெரிந்ததால்.

அப்படின்னா பாறையின் ருசி ஒயினில் ஏறுமா?

ஒயின் விளம்பரங்களில் 'சுண்ணாம்பின் சுவை', 'கருங்கல்லின் மணம்' என்றெல்லாம் எழுதுவார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்லின் ருசி வேர் வழியாக ஏறிப் பழத்தில் உட்காருவதில்லை என்று அலெக்ஸ் மால்ட்மேன் போன்ற நிலவியல் அறிஞர்கள் தெளிவாக விளக்கியிருக்கிறார்கள். வேர் உறிஞ்சுவது நீரில் கரைந்த சத்துகளை. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தனி ருசி கிடையாது.

மண் செய்கிற வேலை மறைமுகமானது. எவ்வளவு நீர் தருவது, எவ்வளவு வேகமாக வடிப்பது, எவ்வளவு சூட்டைப் பிடித்து வைப்பது. இந்த மூன்றும்தான் பழத்தை மாற்றுகின்றன. போர்டோ பகுதியில் ஜெரார் செகாங் என்ற ஆய்வாளர் பல தோட்டங்களின் மண்ணை ஆராய்ந்து சொன்னதும் இதைத்தான். மண்ணின் வகை வேறு வேறாக இருந்தாலும், நீரை அளந்து கொடுக்கிற மண்ணே நல்ல ஒயின் தருகிறது.

பாரும் அப்படித்தான். பாறை முத்துக்குள் போவதில்லை. சிப்பி பெயராமல், புதையாமல், பட்டினி கிடக்காமல் வளர இடம் கொடுக்கிறது. அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவு' இல்லாவிட்டால் எதுவும் இல்லை.

வயதான கொடிக்கு ஏன் மவுசு?

திராட்சைக்கொடி நட்டு மூன்றாம் வருடமே காய்க்கத் தொடங்கும். இருபது, முப்பது வருடம் நன்றாகக் காய்க்கும். அதன் பிறகு விளைச்சல் மெல்லக் குறையும். கணக்குப் பார்க்கிற விவசாயி அப்போது கொடியைப் பிடுங்கிவிட்டுப் புதிது நடுவார். சிலர் மட்டும் விட்டுவைப்பார்கள். ஏன்?

வயதான கொடியின் வேர் ஆழமாகவும் அகலமாகவும் பரவியிருக்கும். ஒரு வருடம் மழை குறைந்தாலும் அது தடுமாறாது. பருத்த தண்டில் மாவுச்சத்து சேமிப்பு இருக்கும். நம்ம ஆட்கள் அவசரத்துக்கு வைப்புநிதி போட்டு வைப்பது போல. காய் குறைவு, ஆனால் வருடா வருடம் தரம் பெரிதாக ஏறி இறங்காது. பழைய கொடியின் உண்மையான பலம் இந்த நிதானம்தான்.

'பழைய கொடி' என்று பாட்டிலில் எழுத பிரான்ஸில் சட்டப்படி வயது வரம்பு எதுவும் இல்லை. முப்பது வயதுக் கொடிக்கும் எழுதலாம். ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில் 2009-இல் ஒரு வரையறை கொண்டுவந்தார்கள். 35 வயது தாண்டினால் பழைய கொடி. 70 தாண்டினால் தப்பிப் பிழைத்த கொடி. 100 தாண்டினால் நூற்றாண்டுக் கொடி. 125 தாண்டினால் மூதாதைக் கொடி. அந்த வயதுக் கொடிகள் அங்கே இன்றும் காய்க்கின்றன.

ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. வயதானதாலேயே கொடி சிறப்பா, அல்லது சிறப்பாக இருந்ததால்தான் யாரும் வெட்டாமல் விட்டு அதற்கு வயதானதா? மோசமான நிலத்தில் நின்ற கொடிகளை எப்போதோ பிடுங்கியிருப்பார்கள். நூறு வருடம் நிற்கிற கொடி, அந்த இடம் நல்ல இடம் என்பதற்கு ஒரு சாட்சி. இடத்தையும் வயதையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாமல் போவது இதனால்தான்.

நம்ம ஊரில் கொடிக்கு இந்த வயது கிடைப்பதே கஷ்டம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்நாட்டுக் கொடி பனிக்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும். கம்பத்தில் அந்தத் தூக்கம் கிடையாது. கவாத்துச் செய்யச் செய்யத் தளிர்க்கும், வருடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை காய்க்கும். விவசாயிக்கு அதுதான் லாபம், அதில் தப்பும் இல்லை. ஆனால் ஓய்வில்லாமல் உழைக்கிற கொடி, குளிர்நாட்டுக் கொடி மாதிரி நூறு வயதை எட்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

சிப்பிக்கு எத்தனை வயது?

முத்து என்பது சிப்பியின் உடலுக்குள் அடுக்கடுக்காகப் படிகிற பூச்சு. ஓட்டின் உட்பக்கம் பளபளக்கிறதே, அதே பொருள்தான். மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்று முன்னோர் நம்பினார்கள். உண்மையில், ஓட்டை உருவாக்கும் மென்தோலின் ஒரு துணுக்கு இடம் மாறி உள்ளே சிக்கிக்கொள்ளும்போது, அதைச் சுற்றி இந்தப் பூச்சு படிகிறது. எனவே நாள் ஆக ஆக முத்து பருக்கும்.

மன்னார் வளைகுடாச் சிப்பியை நான்கு, ஐந்து வயதில் எடுப்பதுதான் வழக்கம். மூன்று வயதில் எடுத்தால் முத்து பொடி. ஒரு வருடம் பொறுத்தால் விலை பல மடங்கு ஏறும். இன்னும் பொறுத்தால்? அங்கேதான் சிப்பி திராட்சைக்கொடியிலிருந்து வேறுபடுகிறது. கொடி நூறு வருடம் நிற்கும். சிப்பி ஆறேழு வயதில் செத்துப்போகும். செத்த சிப்பியின் முத்து மணலோடு போச்சு.

அதனால் முத்துக்குளிப்பு நடத்துபவர்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். முதலில் பாரைச் சோதிப்பார்கள். சில ஆயிரம் சிப்பிகளை மாதிரியாக எடுத்து, அழுகவைத்துக் கழுவி, கிடைத்த முத்துகளை மதிப்பிடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு ரூபாய் என்று கணக்கு வரும். கணக்குச் சரியாக இருந்தால்தான் குளிப்பு. இல்லையென்றால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று கடலைப் பூட்டிவிட்டுத் திரும்பி வருவார்கள்.

அவசரப்பட்டால் என்ன ஆகும்?

1905-இல் இலங்கைப் பக்கம் நடந்த முத்துக்குளிப்பில் சுமார் 8 கோடி சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு 25 லட்சம் ரூபாய் வருமானம். அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை. இதைப் பார்த்த லண்டன் முதலீட்டாளர்கள் கம்பெனி தொடங்கி, 1906-இல் பார்களை 20 வருடக் குத்தகைக்கு எடுத்தார்கள். வருடத்துக்கு 3,10,000 ரூபாய் வாடகை. 1907-க்குப் பிறகு கடலில் எடுக்கும் வயதில் சிப்பியே இல்லை. சில வருடங்களில் கம்பெனி மூடப்பட்டது. ஒரு நல்ல வருடத்தைப் பார்த்துவிட்டு, எல்லா வருடமும் அப்படியே இருக்கும் என்று நினைத்ததன் விலை அது.

ஒயினிலும் இது நடந்தது. 1980-களில் திராட்சை மலிந்துபோனபோது, தென் ஆஸ்திரேலிய அரசு கொடிகளைப் பிடுங்குபவர்களுக்குப் பணம் கொடுத்தது. பரோசாவின் நூறு வயதுக் கொடிகள் பல அப்போதுதான் போயின. அடுத்த சில வருடங்களில் அதே பழைய கொடி ஒயினுக்கு உலகச் சந்தையில் மவுசு வந்தது. பிடுங்கியதை நூறு வயதாக மறுபடி நட முடியுமா?

இன்று நகைக்கடையில் நீங்கள் பார்க்கும் முத்து பெரும்பாலும் வளர்ப்பு முத்து. கடல் முத்து வளர்ப்பில், ஓட்டிலிருந்து உருட்டி எடுத்த ஒரு மணியைச் சிப்பிக்குள் வைப்பார்கள். அதன்மேல் பூச்சு படியும். ஜப்பானின் அகோயா முத்தை எட்டு மாதத்தில் எடுப்பவர்களும் உண்டு, இரண்டு வருடம் விடுபவர்களும் உண்டு. சீக்கிரம் எடுத்தால் மணிதான் பெரிது, பூச்சு மெல்லிசு. சில வருடத்தில் தேய்ந்து உள்மணி தெரிய ஆரம்பிக்கும். வாங்கும்போது அளவை மட்டும் பார்க்காமல், பூச்சு எவ்வளவு தடிமன் என்று கேளுங்கள். காலத்தைக் காசு கொடுத்து வாங்குகிறோம் என்பது அப்போது புரியும்.

இடம் போனால்?

ரொமானே கோன்டிக்குத் திரும்புவோம். 1945 அறுவடை ஏன் அவ்வளவு அபூர்வம் என்றால், அந்தக் கொடிகளின் கடைசி அறுவடை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடியது. ரொமானே கோன்டியில் மருந்து போட்டுப் போட்டுப் பழைய கொடிகளைக் காப்பாற்றி வந்தார்கள். போர்க்காலத்தில் மருந்து கிடைக்கவில்லை. 1945 அறுவடை முடிந்ததும் எல்லாவற்றையும் பிடுங்கினார்கள். பூச்சியைத் தாங்கும் வேரில் ஒட்டுக்கட்டிய கன்றுகளை 1947-இல் நட்டார்கள். அடுத்த ரொமானே கோன்டி 1952-இல்தான் வந்தது. ஆறு வருடம் ஒரு பாட்டில்கூட இல்லை. ஆனால் வந்தது. கொடி போனாலும் சரிவும் மண்ணும் அப்படியே இருந்தன.

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. அதன் பிறகு இன்றுவரை நடக்கவில்லை. ஒரே காரணம் என்று எதையும் கைகாட்ட முடியாது. நீரோட்டம், மணல் நகர்வு, சிப்பியைத் தின்னும் திருக்கையும் கணவாய் இனங்களும், பாரின்மேல் பாய் விரித்தாற்போலப் படர்ந்து சிப்பியை மூச்சுத் திணறடிக்கும் சூரன் என்கிற சிறு மட்டி என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன.

சிப்பியை மட்டும் மீட்க முயற்சி நடக்காமல் இல்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடி அருகே வேப்பலோடையில் 1973-இல் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. கே. அழகர்சாமி தலைமையில் நடந்த ஆய்வு அது. 1981-இல் தூத்துக்குடியிலேயே முத்துச்சிப்பிக் குஞ்சு பொரித்தார்கள். பின்னர் லட்சக்கணக்கான குஞ்சுகளைப் பார்களில் விட்டும் பார்த்தார்கள். கன்று நடுவது போலத்தான். ஆனால் பழைய முத்துக்குளிப்பு திரும்பவில்லை.

சரிவு அப்படியே இருந்தது பர்கண்டிக்கு அதிர்ஷ்டம். மன்னார் வளைகுடாவில் தரையே மாறியிருக்கிறது. சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். இழுவை மடி கடல் தரையைச் சுரண்டியது. 21 தீவுகளில் இரண்டு தண்ணீருக்குள் போய்விட்டன. திரேஸ்புரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வான் தீவு அரித்து அரித்துச் சுருங்கியது. அதைக் காப்பாற்றச் சுற்றிலும் செயற்கைப் பாறைத் திட்டுகளை அரசு இறக்க வேண்டியிருந்தது. 1986 முதல் இந்தத் தீவுகளும் சுற்றியுள்ள கடலும் தேசியப் பூங்கா. பார்கள் பலவும் அந்த எல்லைக்கு வெளியே, ஆழத்தில் இருக்கின்றன.

சிப்பிக் குஞ்சை ஆய்வகத்தில் பொரித்துவிடலாம், கொடியை நாற்றங்காலில் ஒட்டுக்கட்டலாம். சரிவையும் பாரையும் எந்த ஆய்வகத்திலும் செய்ய முடியாது. நல்ல பாரை மறுபடி சிப்பி தேடி வந்தாலும், முத்து கிடைக்க நாலைந்து வருடம் அதன்மேல் யாரும் கை வைக்காமல் இருக்க வேண்டும்.

இனி எங்காவது 'பழைய கொடி', 'தனித் தோட்டம்' என்று அச்சடித்த பாட்டிலைப் பார்த்தால், குடிப்பதும் குடிக்காததும் உங்கள் விருப்பம். அந்த இரண்டு வார்த்தையின் அர்த்தத்தைத் தெரிந்துகொள்ள பர்கண்டிக்குப் போக வேண்டியதில்லை. திரேஸ்புரத்தில் சங்கு குளித்துவிட்டுக் கரையேறுகிற ஒருவரிடம், எந்தப் பாரில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.